சும்புன்னு முடியுற அஞ்சாவது சொல்லு

எனக்கு வாய் நீளம். இத நானே சொல்லித்தான் தெரியணும்னு இல்ல, விருத்தாசலத்துல எங்க தெருவுல யாரக் கேட்டாலும் சொல்லுவாங்க. பேச்சுல யாருகிட்டயும் தோத்ததில்லன்னு பெருமையடிச்சிக்கிட்டுத் திரிஞ்சவ நான். இப்ப அந்தப் பெருமைய நெனச்சா வயிறு எரியுது. ஒரே ஒரு சொல்லு, நாலே எழுத்து, அதுல தோத்துடக் கூடாதுன்னு ஒருத்தி வாழ்க்கையவே மாத்தி உட்டுட்டேன். யாருகிட்டயும் வாயால சொல்ல முடியல, அதான் எழுதுறேன்.

அவளும் நானும் ஒரே பீங்கான் யூனிட்டுல வேல பாத்தோம். பொம்மை செய்யுற யூனிட்டு. மண்ணக் கூழாக் கரைச்சி அச்சுல ஊத்தி, காயவச்சி, சூளையில வேகவச்சி, வண்ணம் அடிச்சி, மறுபடி வேகவச்சி, எல்லாம் முடிஞ்சி கடைசியா எங்க மேசைக்குத்தான் வரும். அவ ஒரு பக்கம், நான் எதிர்ப்பக்கம். அவ ஒவ்வொரு பொம்மையா எடுத்து வெளிச்சத்துல திருப்பிப் பாப்பா, அப்புறம் நகத்தால ஒரு சுண்டு சுண்டுவா. நல்ல பொம்மைன்னா மணி மாதிரி கேக்கும். கீறல் உழுந்திருந்தா சத்தம் அடைச்சிக்கிட்டுக் கேக்கும். கீறலில்லாதத எங்கிட்ட தள்ளுவா, நான் பேப்பர்ல சுத்தி வைக்கோலு போட்டுப் பெட்டியில அடுக்குவேன்.

அவ கண்ணு அப்பிடிப்பட்ட கண்ணு. மயிர்க்கோடு மாதிரி இருக்குற கீறலைக் கூட சுண்டுறதுக்கு முன்னாடியே சொல்லிடுவா. மேஸ்திரிக்கே சந்தேகம் வந்தா அவகிட்டதான் கொண்டாந்து நீட்டுவாரு. அவ "இது ஒடைஞ்சது"ன்னு சொல்லிட்டா அப்பீலே கெடையாது. ரெண்டு வருசம் எனக்குச் சின்னவ, யக்கான்னுதான் கூப்புடுவா, ஆனா நீ வா போன்னுதான் பேச்சு. எட்டாவதோட நிறுத்திட்டாங்க அவள. நான் பன்னண்டாவது பாஸு. அந்த ஹாலுலயே படிச்சவ நான் ஒருத்திதான்னு எனக்கு ஒரு மெதப்பு இருந்துச்சு.

பொம்மை சுத்துறதுக்குப் பழைய பேப்பர் கடையில இருந்து மூட்ட மூட்டையாத் தாளு வரும். பள்ளிக்கூடத்து நோட்டு, பரிச்சப் பேப்பரு, கல்யாணப் பத்திரிக, அட்டை போன வாரப் புஸ்தகம்னு கலந்துகட்டி இருக்கும். எழுத்து இருக்குற தாளப் படிக்காமக் கசக்கக் கூடாதுன்னு அவளுக்கு ஒரு கொள்கை. எவனோ ஒரு பையன் எழுதுன பரிச்சப் பேப்பரப் படிச்சிட்டு, பாவம் வாத்தியாரு ரெண்டு மார்க்கு கொறச்சிப் போட்டுட்டாருன்னு அவனுக்காக வருத்தப்படுவா. நான் கேலி பண்ணுவேன். ஆனா கொஞ்ச நாள்ல எனக்கும் அந்தப் பழக்கம் தொத்திக்கிச்சு. ரெண்டு பேரும் படிச்ச தாளுலதான் பொம்மை போகும்.

ஒரு நாளு மூட்டையில ஒரு தமிழ் அகராதி வந்துச்சு. முன்னட்டையும் இல்ல, பின்னட்டையும் இல்ல, தையலு அத்துப்போயி ஒவ்வொரு தாளும் தனித்தனியாக் கழண்டு கெடந்துச்சு. மூட்டையில குலுங்கிக் குலுங்கி வரிசையும் போச்சு. "த" பக்கத்துல "ஊ" கெடக்கும், "வி" பக்கத்துல "க" கெடக்கும். அவ அந்தத் தாளையெல்லாம் பொறுக்கி எடுத்து ஓரமா வச்சா. கலியாணப் பத்திரிகயத் தீர்த்துட்டு இதுக்கு வருவோம் யக்கான்னா.

அந்த வெளையாட்டு எப்பிடி ஆரம்பிச்சதுன்னு நல்லா ஞாபகம் இருக்குது. நான் ஏதோ மேஸ்திரியப் பத்தி நக்கலாச் சொன்னேன். அவ சிரிச்சிக்கிட்டே, உனக்குக் குசும்பு ஜாஸ்தி யக்கான்னு சொல்லிக்கிட்டே கையில இருந்த தாளப் பாத்தா, அதுல "தசும்பு"ன்னு இருக்குது. குடம்னு அர்த்தம் போட்டிருக்கு. ரெண்டு பேருக்கும் சிரிப்பு தாங்கல. களிமண்ண நம்பிப் பொழைக்குற ஊருல பொறந்து வளந்து, குடத்துக்கு இப்பிடி ஒரு பேரு இருக்குதுன்னு எவளுக்கும் தெரியல பாரு. அன்னிக்குப் பூரா தண்ணி குடிக்கப் போறவங்கள எல்லாம், அந்தத் தசும்புல இருந்து மொண்டு குடுன்னு கேட்டு உயிர எடுத்தோம்.

அப்புறம் இதே மாதிரி முடியுறது வேற என்னா இருக்குன்னு தேட ஆரம்பிச்சோம். வெறும் "ம்பு"ன்னு எடுத்தா கொட்டிக் கெடக்குது. கரும்பு, எறும்பு, தழும்பு, வசம்பு, வீம்பு, தாம்பு, சூம்பு, தேம்புன்னு ஒரு மணி நேரத்துல பெட்டி ரொம்பிடும். அதனால "சும்பு"ன்னு முடியுறது மட்டுந்தான் கணக்குன்னு வச்சிக்கிட்டோம். குசும்பு ஒண்ணு. தசும்பு ரெண்டு. விசும்புன்னா வானம், அது நான் சொன்னது, பள்ளிக்கூடத்துல படிச்சது. தாளக் காட்டுன்னு கூட அவ கேக்கல. நீ படிச்சவ, சொன்னா சரியாத்தான் இருக்கும்னு சேத்துக்கிட்டா. பத்து நாளு கழிச்சி அவ அசும்புன்னு ஒண்ணு கண்டுபுடிச்சா. தண்ணி கசிஞ்சிக்கிட்டே இருக்குற எடமாம். அதோட நாலாச்சி. அப்புறம் வாரக்கணக்கா ஒண்ணும் கெடைக்கல.

அகராதியில மொத எழுத்த வச்சித் தேடலாம், கடைசி எழுத்த வச்சித் தேட முடியாது. அப்பிடின்னா ஒவ்வொரு தாளா, ஒவ்வொரு வரியா, மேல இருந்து கீழ வரைக்கும் படிக்கணும். அவ படிச்சா. சாப்பாட்டு நேரத்துல ஒரு கையில சோறு, ஒரு கையில தாளு. நான் அவ்வளவு மெனக்கெட மாட்டேன். பன்னண்டாவது படிச்ச எனக்குத் தானா வந்து உழும்னு நெனப்பு.

அஞ்சாவது சொல்ல யாரு மொதல்ல காட்டுறாங்களோ அவங்களுக்கு ஃபேனுக்குக் கீழ இருக்குற எடம்னு பந்தயம். சூளைக்குப் பக்கத்து ஹாலு அது, சித்திர மாசத்துல அந்த எடத்துக்குத் தவம் கெடக்கலாம். சீனியாரிட்டிப்படி அது எங்கிட்டதான் இருந்துச்சு. வாயால சொன்னா சேராது, அச்சுல இருக்குறதக் காட்டணும்னு விதி போட்டதும் நான்தான். என் விசும்புக்கு மட்டும் அந்த விதி கெடையாது, அத அவளும் கேக்கல.

இந்த எடத்துல அவ குடும்பக் கதையச் சொல்லியாகணும். அவளக் கட்டிக் குடுத்தது கருவேப்பிலங்குறிச்சியில. புருசன் லோடு வண்டி ஓட்டுறவரு, வாரத்துல நாலு நாளு வெளியூருலதான். கலியாணம் ஆயி ஒரு பொண்ணும் பொறந்த பெறகு, ஒரு தடவ பஸ்ஸுல போகும்போது வண்டி வேப்பூருல நின்னிருக்கு. ஜன்னலு வழியாப் பாத்தா, ரோட்டோர ஓட்டல்ல அவ புருசன் ஒக்காந்திருக்காரு. பக்கத்துல ஒரு பொம்பள. மடியில ஒரு ஆம்பளப் புள்ள. புரோட்டாவப் பிச்சி, ஊதி ஊதி அந்தப் புள்ளைக்கு ஊட்டிக்கிட்டு இருந்திருக்காரு. அந்தப் புள்ளைக்கு இவரோட நெத்தி, இவரோட காது. அவ எறங்குறதுக்குள்ள பஸ்ஸு கெளம்பிடுச்சு.

வூட்டுல வந்து கேட்டா, மாமியாருலருந்து நாத்தனாரு வரைக்கும் ஒரே பாட்டு. ரெண்டு நிமிசம் நின்ன பஸ்ஸுல இருந்து பாத்தியா, வேற எவனையோ பாத்திருப்ப, உனக்குக் கண்ணு சரியில்ல, மனசு சரியில்ல. புருசன் சத்தியமே பண்ணிட்டாரு. இவ அம்மா வூட்டுலயும் அதேதான். ஒத்த ஆளும் நம்பல. ஆனா அவ அசையல. நான் பாத்தது பாத்ததுதான்னு சொல்லிட்டு, பொண்ணத் தூக்கிக்கிட்டு விருத்தாசலம் வந்து ஒரு சின்ன வாடகை வூடு புடிச்சி, இந்த வேலைக்குச் சேந்துட்டா. வருசத்துக்கு ரெண்டு தடவ புருசன் வூட்டுல இருந்து கூப்புட வருவாங்க. டீ போட்டுக் குடுத்துத் திருப்பி அனுப்பிடுவா.

இதெல்லாம் எங்கிட்ட சொன்ன அன்னிக்கு, நான் ஒரே வார்த்தைதான் சொன்னேன். மயிர்க்கோட்டுக் கீறலைப் பாக்குற கண்ணுடி உனக்கு, புருசன் மூஞ்சியா தப்பாத் தெரியும்னு கேட்டேன். அவ பொட்டுன்னு அழுதுட்டா. நம்புன மொத ஆளு நீதான் யக்கான்னா.

இப்பிடிப்பட்டவளுக்குத்தான் நான் அதச் செஞ்சேன்.

அன்னிக்குக் காலையில இருந்து அவ மூஞ்சியே ஒரு மாதிரி வெளிச்சமா இருந்துச்சு. பதினோரு மணி இருக்கும், ஒரு தாளப் பாத்துக்கிட்டே இருந்தவ அத மடிச்சி அவ டிபன் பாக்ஸுக்கு அடியில வச்சா. அந்த நேரம் பாத்து சூளைப்பக்கம் இருந்து மேஸ்திரி கூப்புட்டாரு, புதுசா எறக்குன பொம்மையப் பாக்கணும்னு. அவ எழுந்திரிச்சிக்கிட்டே, அஞ்சாவது கெடச்சிடுச்சு யக்கா, வந்து காட்டுறேன், நீ இப்பவே எடத்தக் காலி பண்ணிக்கன்னு சிரிச்சிட்டுப் போனா.

நான் டிபன் பாக்ஸத் தூக்கிப் பாத்தேன். இருந்துச்சு. "இ"ல ஆரம்பிக்குற தாளு, நடு வரியில. இசும்பு. மேடும் பள்ளமுமாக் கால் வழுக்குற வழின்னு அர்த்தம்.

ஃபேனுக்காகச் செஞ்சேன்னு சொன்னா அது கூடப் பரவாயில்ல, புழுக்கம் தாங்காம ஒருத்தி செஞ்சிட்டான்னு போயிடலாம். அது இல்ல. எட்டாவது படிச்சவ எனக்குத் தெரியாத சொல்லக் கொண்டாந்து ஹாலுல அத்தினி பேரு முன்னாடியும் காட்டப்போறாங்குறத என்னால ஜீரணிக்க முடியல. அவ்வளவுதான், வேற ஒண்ணும் இல்ல. யோசிக்கக்கூட இல்ல நான். என் முன்னாடி ஒரு மயில் பொம்மை இருந்துச்சு. அந்தத் தாள எடுத்து அதச் சுத்துனேன், மேல இன்னொரு தாளு சுத்துனேன், பெட்டியில வச்சி வைக்கோலப் போட்டு அமுக்குனேன். பதினஞ்சு நிமிசத்துல பெட்டிய ஒட்டி எடுத்துட்டுப் போயிட்டாங்க. சாயந்தரம் லாரி.

அவ வந்தா. டிபன் பாக்ஸத் தூக்கிப் பாத்தா. மேசைக்குக் கீழ பாத்தா. தாளுக் கட்டப் பிரிச்சிப் பாத்தா. இங்கதான் வச்சேன் யக்கான்னா. நான் பொம்மை சுத்திக்கிட்டே, என்னாத்தன்னு கேட்டேன். இசும்புன்னு சொன்னா. நான் சிரிச்சேன். பக்கத்து மேசைக்கும் கேக்குற மாதிரி, இசும்பாம் கசும்பாம், எடத்துக்காக இவளே ஒண்ணு கட்டி வச்சிருக்கான்னு சொன்னேன். எல்லாரும் சிரிச்சாங்க. அது கூட வெளையாட்டாப் போயிருக்கும். அவ விடல. என் கண்ணால பாத்தேன் யக்கா, அர்த்தம் கூட இருந்துச்சுன்னு சொல்லிக்கிட்டே தேடுனா. தேடத் தேட எனக்கு உள்ளுக்குள்ள பயம், பயம் ஏற ஏறக் கோவம்.

"உன் கண்ணுக்கு இல்லாததெல்லாந்தாண்டி தெரியும்" னேன். "வேப்பூருல தெரிஞ்ச மாதிரி."

அவ தேடுறத நிறுத்திட்டா. என்னைப் பாத்தா. திட்டியிருந்தா, ஒரு அறை குடுத்திருந்தா கூட நான் அப்பவே காலுல உழுந்திருப்பேன்னு இன்னிக்கு நெனச்சிக்கிறேன். அதுவும் பொய்யாத்தான் இருக்கும், நான் அப்பிடி உழுகுற ஆளு கெடையாது. அவ ஒக்காந்து அடுத்த பொம்மைய எடுத்தா. வெளிச்சத்துல திருப்பித் திருப்பிப் பாத்தா. சுண்டுனா. மறுபடியும் சுண்டுனா. அப்புறம் எங்கிட்ட நீட்டி, இது நல்லாத்தான இருக்குதுன்னு கேட்டா.

அத்தினி வருசத்துல அப்பிடி ஒரு கேள்விய அவ யாருகிட்டயும் கேட்டதில்ல.

அதுக்கப்புறம் தெனமும் அதான். கீறல் தான யக்கா, பாத்துச் சொல்லு. நல்லதுதான யக்கா, நீயும் ஒரு தடவ சுண்டு. மேஸ்திரி கொண்டாந்து காட்டுனா, வேற யாருகிட்டயாவது காட்டுங்க சார்னு சொல்ல ஆரம்பிச்சிட்டா. அவ எங்கிட்ட பேசாம இருந்திருந்தா எனக்குச் சௌகரியமா இருந்திருக்கும். எப்பவும் போலத்தான் பேசுனா. அந்த அகராதித் தாள மட்டும் தொடல. மிச்சம் இருந்ததையெல்லாம் நான்தான் படிக்காமக் கசக்கிக் கசக்கிப் பொம்மைக்குச் சுத்துனேன்.

பொண்ணு படிச்ச ஸ்கூலுல ஒரு வாத்தியாருகிட்டக் கேட்டுட்டு வந்தாளாம். அப்பிடி ஒரு சொல்லு நான் கேள்விப்பட்டதில்லம்மான்னு அவரு சொல்லிட்டாராம். அப்ப எங்க கையில இருந்தது பட்டன் போனு, தேடிப் பாக்கலாம்னெல்லாம் ஒருத்திக்கும் தெரியாது. வாத்தியாரு சொன்னத வந்து எங்கிட்டயே சொன்னா. நீ சொன்னதுதான் சரி யக்கா, எனக்கு எங்கயோ கொழம்பியிருக்குன்னா. நான் வாயத் தொறந்தேன். தொறந்துட்டு, சரி உடு, மறந்துடுன்னு சொன்னேன். இவ்வளவு நீள வாயி, அன்னிக்கு அதுல இருந்து வந்தது அவ்வளவுதான்.

ஆடி முடிஞ்சி புருசன் வூட்டுல இருந்து வழக்கம்போலக் கூப்புட வந்தாங்க. இந்தத் தடவ அவ திருப்பி அனுப்பல. ஒரு வாரத்துல வேலைய உட்டுட்டு வாடகை வூட்டக் காலி பண்ணிட்டா. பஸ் ஸ்டாண்டுக்கு நான்தான் கூடப் போனேன். பொண்ணு பையத் தூக்கிக்கிட்டு எடம் புடிக்க மேல ஏறிடுச்சு. நாங்க ரெண்டு பேரும் கீழ நின்னோம். ஏண்டி போறன்னு கேட்டேன். கேக்காம இருக்க முடியல.

"ஒரு தாளையே கையில வச்சிப் பாத்துட்டு இல்லாதத இருக்குதுன்னு அடிச்சிச் சொன்னேன். அப்ப ஜன்னலு வழியா ரெண்டு நிமிசம் பாத்தது மட்டும் எப்பிடி யக்கா நெசமாயிருக்கும்? பாவம் அந்த மனுசன். எத்தினி வருசம் தண்டிச்சிட்டேன்."

பஸ்ஸு கெளம்ப இன்னும் அஞ்சு நிமிசம் இருந்துச்சு. அந்த அஞ்சு நிமிசத்துல சொல்லியிருக்கலாம். தாளு இருந்துச்சுடி, நான்தான் எடுத்தேன். எத்தினி வார்த்தை? நாலோ அஞ்சோ. ஆனா சொன்னா அவ என்னை எந்தக் கண்ணால பாப்பாங்குறதுதான் என் மண்டைக்குள்ள ஓடுச்சே ஒழிய, அவ எங்க போறாங்குறது ஓடல. புருசங்கூடச் சேந்து வாழ்றது நல்லதுதானன்னு எனக்கு நானே ஒரு நாயமும் சொல்லிக்கிட்டேன். போயிட்டு வரேன் யக்கான்னு ஏறுனா. கையாட்டுனேன்.

பத்து வருசத்துக்கு மேல ஆச்சி. அவ எப்பவாவது போன் பண்ணுவா. நல்லா இருக்கேன்னுதான் சொல்லுவா. மிச்சத்த அந்த ஊருல இருந்து வேலைக்கு வர்ற பொம்பளைங்க சொல்லுவாங்க. புருசன் வாரத்துல ரெண்டு நாளுதான் வூட்டுக்கு வராராம். வேப்பூருல இன்னொரு குடும்பம் இருக்குறது ஊருக்கே தெரியுமாம், இவ மட்டும் லோடுக்குப் போயிருக்காருன்னு சொல்லிக்கிட்டு மாமியாருக்குப் பீ மூத்திரம் அள்ளிக்கிட்டு இருக்காளாம். யாராவது ஜாடையாச் சொன்னா, நானும் ஒரு காலத்துல அப்பிடித்தான் சந்தேகப்பட்டேன், அது என் புத்திக் கோளாறுன்னு சிரிப்பாளாம். இதக் கேட்ட அன்னிக்கெல்லாம் எனக்குச் சோறு எறங்காது. ஆனாலும் போகல நான்.

அப்புறம் அவளுக்குச் சர்க்கரை வந்துச்சு. கவனிக்க ஆளில்ல. கண்ண அரிச்சிடுச்சு. மொதல்ல ஒண்ணு, ஆறே மாசத்துல இன்னொண்ணு. வெளிச்சம் இருக்குதா இல்லையான்னு மட்டுந்தான் இப்பத் தெரியுமாம்.

போன வருசம் புருசன் செத்துப்போனாரு. எனக்கு அப்ப ஒடம்பு முடியல, காரியத்துக்குப் போக முடியல. அவ பொண்ணு, இப்பக் கலியாணம் ஆயி அம்மாவப் பக்கத்துலயே வச்சிப் பாத்துக்கிறா, அவதான் எனக்குப் போன்ல சொன்னா. எடுக்குறதுக்கு முன்னாடி வேப்பூருல இருந்து ஒரு அம்மாவும் வளந்த பையனும் வந்தாங்களாம். பையனப் பாத்தா அப்பாவ உரிச்சி வச்சிருந்துச்சாம். அந்த அம்மா மாருல அடிச்சிக்கிட்டு அழுதிருக்கு. சாவு வூட்டுல சுத்தி ஒக்காந்திருந்த அத்தினி பொம்பளைங்களும் அதப் பாத்தாங்க, பாக்க முடியாதவ ஒருத்திதான். யாரு அது இப்பிடி அழுவுறதுன்னு பொண்ணுகிட்டக் கேட்டிருக்கா. தெரிஞ்சவங்கம்மான்னு பொண்ணு சொல்லிடுச்சாம். இதச் சொல்லிட்டு அந்தப் பொண்ணு போன்லயே அழுதுச்சு. அம்மா பாத்தது நெசம்னு எனக்கு இப்பத் தெரியுது பெரிம்மா, அம்மாகிட்ட எப்பிடிச் சொல்றதுன்னு தெரியலன்னு சொல்லுச்சு.

இனிமேயும் மூடி வச்சா நான் மனுசியே இல்லன்னு தோணுச்சு. தெம்பு வந்ததும் பஸ்ஸப் புடிச்சிக் கருவேப்பிலங்குறிச்சிக்குப் போயிட்டேன்.

அவ வூட்டுக்குள்ள கட்டிலு ஓரமா ஒக்காந்து மொச்சைக்கொட்டை உரிச்சிக்கிட்டு இருந்தா. விரலு மட்டும் பழைய விரலு, சுறுசுறுன்னு ஓடுது. என் செருப்புச் சத்தத்துலயே கண்டுபுடிச்சிட்டா. கையப் புடிச்சிப் பக்கத்துல ஒக்கார வச்சிக்கிட்டு, எளைச்சிட்டியா யக்கான்னு என் மணிக்கட்டத் தடவிப் பாத்தா. யூனிட்டப் பத்திக் கேட்டா, மேஸ்திரி இருக்காரான்னு கேட்டா. பொண்ணு எதுத்தாப்புல ஒக்காந்து கேட்டுக்கிட்டு இருந்துச்சு. நான் ஒரு சொம்புத் தண்ணி குடிச்சிட்டு, எல்லாத்தையும் கொட்டிட்டேன். டிபன் பாக்ஸு, தாளு, மயில் பொம்மை, லாரி, நான் சிரிச்சது, சொன்னது, பஸ் ஸ்டாண்டுல வாயப் பொத்திக்கிட்டு நின்னது. ஒண்ணு விடல. நீ பாத்தது நெசம்டி, உன் கண்ணு மேல ஒரு தப்பும் இல்ல, எல்லாம் என் வயித்தெரிச்சலுன்னு சொல்லி அழுதேன்.

அவ கொட்ட உரிக்குறத நிறுத்தவே இல்ல. நான் முடிச்சதும் சிரிச்சா. என் கண்ணு போயிடுச்சேன்னு உனக்கு மனசு கேக்கல, எனக்கு ஆறுதலா இருக்கட்டும்னு பழிய உன் மேல போட்டுக்கிற, நீ அப்பிடிப்பட்ட ஆளுதான்னா. நெசம்டின்னு அவ தலையில கைய வச்சிச் சத்தியம் பண்ணேன். கேக்கல. அப்ப போன எடுத்தேன். இப்பல்லாம் அகராதி போன்லயே வருது. இசும்புன்னு போட்டு எடுத்துப் பொண்ணு கையில குடுத்துப் படிக்கச் சொன்னேன். பொண்ணு சத்தமாப் படிச்சிச்சு. இசும்பு, மேடு பள்ளம், வழுக்கு நிலம்னு.

அப்பத்தான் அவ விரலு நின்னுச்சு.

வெளிய எவனோ டிராக்டர் ஓட்டிக்கிட்டுப் போனான். அவ மடியில இருந்த மொறத்த எடுத்து மெதுவாக் கீழ வச்சா. என் பக்கம் மூஞ்சியத் திருப்புனா. அவளுக்கு நான் தெரிய மாட்டேன்னு தெரிஞ்சும் நான் தலையக் குனிஞ்சிக்கிட்டேன்.

"யக்கா, அது இருந்துச்சுன்னா நான் பாத்ததெல்லாம் இருந்துச்சு. அப்புறம் நான் எதுக்கு இங்க திரும்பி வந்தேன்? இத்தினி வருசம் யாருக்கு ஆக்கிப் போட்டேன்?" அவ கை என் கையத் தேடிப் புடிச்சிது. "நீ எனக்காகத்தான சொல்ற? இந்தப் பொண்ணுகிட்டயும் சொல்லிக் குடுத்து அப்பிடிப் படிக்க வச்சதான?"

பொண்ணு என்னைப் பாத்துச்சு. வேண்டாம்னு சொல்லுதா, சொல்லிடுங்கன்னு சொல்லுதா, எனக்குப் புரியல. எனக்கு ஒண்ணு மட்டும் புரிஞ்சிது. நெசத்த நான் எனக்காகத்தான் தூக்கிக்கிட்டு வந்திருக்கேன். எறக்கி வச்சிட்டா நான் பஸ்ஸேறிப் போயிடுவேன், அதத் தூக்கிக்கிட்டுக் கண்ணில்லாம ஒக்காந்திருக்கப் போறவ அவ.

"ஆமாண்டி, உனக்காகத்தான் சொன்னேன்" னேன். "அப்பிடி ஒரு சொல்லே கெடையாது."

அவ பெருமூச்சு உட்டா. பாத்தியா, எனக்குத் தெரியும்னு பொண்ணு பக்கம் திரும்பிச் சொன்னா, பெரிம்மாவுக்கு டீ போடுன்னா. மொறத்த மறுபடி மடியில எடுத்து வச்சிக்கிட்டு உரிக்க ஆரம்பிச்சா. நான் அந்த டீயக் குடிச்சேன். ஒரே பொய்ய அவகிட்ட ரெண்டு தடவ சொல்லியிருக்கேன். ரெண்டு தடவையும் என்னை நம்பிட்டா.